வறட்சி ஆண்டில் பாத்ஃபைண்டர்: ட்ரவுட்டா, வால்ஐயா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நார்த் பிளாட் ஆற்றை மறித்து நிற்கும் பாத்ஃபைண்டர் அணை, 1909இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. மலையில் பனி குறைந்த ஆண்டிலும் நெப்ராஸ்கா வரை வயல்களுக்கு நீர் போய்த்தான் ஆக வேண்டும். கோடை முற்றும்போது நீர்மட்டம் இறங்கி, படகு இறக்கும் சரிவு சேற்றில் போய் முடியும். அப்போது எந்த மீனுக்குத் தூண்டில் போடலாம்?

ரெயின்போ ட்ரவுட், நீலகிரி நீரோடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட அதே மீன். 12 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சுகம்; 20ஐத் தாண்டினால் திணறும். மேல்நீர் சுட்டால் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆனால் வறட்சியில் அந்தக் குளிர்ந்த அடுக்கே மெலிந்துபோகிறது, அடியில் பிராணவாயுவும் குறைகிறது. மேலே வெப்பம், கீழே மூச்சுமுட்டல். பாவம், அது எங்கே போகும்?

வால்ஐ (walleye) வட அமெரிக்காவின் நன்னீர் வேட்டை மீன். அதற்கு 20, 24 டிகிரியெல்லாம் பிரச்சினையே இல்லை. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் இருப்பதால் மங்கலான வெளிச்சத்திலும் வேட்டையாடும். நீர் வற்றிக் கரையோரப் புதர்கள் வெளியே வந்துவிட்டால் சின்ன மீன்களுக்கு ஒளிய இடமில்லை. அந்தி நேரத்தில் பாறை முனையோரம் ஜிக்கில் (ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள்) மண்புழு கோத்து அடியை ஒட்டி மெல்ல இழுத்தால் போதும்.

பிடித்ததைத் திரும்ப விடுவதில்தான் பெரிய வித்தியாசம். ட்ரவுட்டின் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. மேலே வரும்போது காற்றை வெளியே விட்டுவிடும். ஆனால் சூடான நீரில் போராடிக் களைத்த ட்ரவுட், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகலாம். வால்ஐக்கு அந்தக் குழாய் கிடையாது. பத்து மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்தால் காற்றுப்பை ஊதிவிடும்; திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். அதனால் ஆழத்தில் பிடித்த வால்ஐயை அனுமதித்த எண்ணிக்கைக்குள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அந்த எண்ணிக்கை நிறைந்ததும் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுங்கள். முள் அதிகமில்லாத வெள்ளைச் சதை, வறுத்தால் அருமை.

இன்னொன்று: வால்ஐ ட்ரவுட் குஞ்சுகளை விழுங்கிவிடும். அதனால்தான் இங்கே ட்ரவுட்டைக் கொஞ்சம் பெரிதாக வளர்த்து விடுகிறார்கள். நீர் சுருங்கினால் இரண்டும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த வகையிலும் கோடையில் வால்ஐ பிடிப்பதுதான் நியாயம் என்பேன்.

ட்ரவுட்தான் வேண்டும் என்பவர்கள் மேலே, கோர்டெஸ் அணைக்குக் கீழுள்ள 'மிராக்கிள் மைல்' ஆற்றுப்பகுதிக்குப் போகலாம். பாத்ஃபைண்டர் வற்ற வற்ற அந்த ஓட்டம் நீளும். அங்கும் விடியற்காலையே நல்லது. சிறிய தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். 19 டிகிரியைத் தொட்டால் ட்ரவுட் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, அக்டோபர் குளிருக்குக் காத்திருங்கள்.