கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்: எந்தக் காருக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

காரில் பாட்டுக்கு அடியில் ‘கொய்ங்’ என்று ஓடிக்கொண்டேயிருக்கும் இரைச்சலைப் பற்றிச் சொன்னால், கடைக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்னும் சிறிய கறுப்புப் பெட்டியைத்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இதில் இரண்டு வகை உண்டு. ஆக்ஸ் சாக்கெட்டில் செருகும் 3.5 மி.மீ. பின் கொண்டது ஒன்று. ஹெட் யூனிட்டுக்கும் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே பொருத்தும் ஆர்சிஏ (ஒலிக் கேபிள்களுக்கான வட்ட பின்) முனைகள் கொண்டது மற்றொன்று. டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் வைத்த ஒரு பழைய ஹேட்ச்பேக்கில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். முதல் வகையை அதிகம் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டாவதை வாங்குமுன், இரைச்சல் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்களில் பலருக்குப் பெட்டியே தேவைப்படாது.

பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறது. உள்ளே கட்டைவிரல் நக அளவில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், இடது ஒலிக்கு ஒன்று, வலது ஒலிக்கு ஒன்று, பசையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேறு பாகம் எதுவும் இல்லை. ஒருபுறச் சுருளில் வரும் ஒலி காந்தப்புலத்தின் வழியாக மறுபுறச் சுருளுக்குத் தாவுகிறது; இரு பக்கத்து எர்த்துக்கும் (மின்சாரம் பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பும் வழி) இடையே நேரடிக் கம்பித் தொடர்பு அறுந்துவிடுகிறது. இது செய்வது அவ்வளவுதான்.

3.5 மி.மீ. வகைக்கு உரிய நோய் மிகத் தெளிவானது. போனை ஆக்ஸ் கேபிளில் இணைத்து, அதே போனுக்குச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து சார்ஜும் போட்டால் ஊளை கேட்கும். சார்ஜரைப் பிடுங்கிய மறுகணமே அடங்கும். புளூடூத்தில் பாடினால் சார்ஜர் இருந்தாலும் கேட்காது. சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னோர் எர்த் என்று போனுக்கு இரண்டு எர்த் கிடைப்பதும், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒலிக் கம்பியில் ஏறிக்கொள்வதுமே காரணம்; கிரவுண்ட் லூப் என்பது இந்த எர்த் வளையம்தான். பெட்டியை நடுவில் செருகியதும் இரைச்சல் முழுவதுமாக நின்றுவிட்டது. குறை என்று சொன்னால், மிருதங்கத்தில் வலந்தலை அப்படியே கேட்க, தொப்பியின் கனம் மட்டும் சற்று மெலிகிறது. மைக்கின் இணைப்பு இதன் வழியாகப் போகாது என்பதையும் வாங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆர்சிஏ வகையின் கதை வேறு. இந்தக் காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஊளையின் சுருதி ஏறியது. அப்படி ஏறினால் அது, எஞ்சினால் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரிலிருந்து வருவது என்று உறுதியாகச் சொல்லலாம், கணக்கும் பொருந்தும். ஆறு சோடித் துருவங்கள் உள்ள மூன்று கட்ட ஆல்டர்நேட்டர், டயோடுகள் வழியாக நேர்மின்னோட்டமாக மாறும்போது ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை விடுகிறது. எஞ்சின் ஐடிலிங்கில் 800 சுற்றும், புல்லி விகிதம் இரண்டரையும் என்று வைத்தால் ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும். அதாவது சுமார் 1,200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2,000 சுற்றைத் தொடும்போது அது 3,000 ஹெர்ட்ஸ் ஆகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுவேயாதலால், சிறு கசிவுகூடப் பெரிய தொல்லையாகத் தெரிகிறது.

பெட்டியைப் பொருத்தியதும் ஊளை நின்றது. ஆனால் ஒலியைக் கூட்டியபோது சப்வூஃபரின் அடி ஒலி பிசிறடித்தது. மின்னழுத்தம் கூடக்கூட, அதிர்வெண் குறையக் குறைய, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கரு, அதற்குமேல் காந்தம் ஏறாத நிறைவு நிலையை விரைவில் எட்டிவிடும். 4 வோல்ட் வரை அனுப்பும் ஹெட் யூனிட்டின் முழு அடி ஒலியையும் நக அளவுக் கரு தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. எனவே பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தத்தின் வழியைத் தேடினேன்.

இதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். உதிரி ஆர்சிஏ பின் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் இணைத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டத்தை அணைத்தபின், ஆம்ப்ளிஃபையரில் ஹெட் யூனிட்டின் கேபிளைக் கழற்றி அவ்விடத்தில் இந்தப் பின்களைச் செருகி, மீண்டும் எஞ்சினை ஓடவிட வேண்டும். (ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஆர்சிஏவைக் கழற்றி மாட்டினால், சில ஹெட் யூனிட்களில் ஆர்சிஏ எர்த்துக்கென உள்ளே இருக்கும் மயிரிழை ஃபியூஸ் போய்விடும், பிறகு அதுவே தனி இரைச்சலைக் கிளப்பும்.) பின்கள் செருகியும் ஊளை கேட்டால் குற்றம் ஆம்ப்ளிஃபையரில் அல்லது அதன் பவர் வயரில். இங்கே பூரண அமைதி. அடுத்து, சார்ஜரில் இல்லாத ஒரு போனிலிருந்து சீட்டின் மேலாகப் போட்ட வேறு கேபிளில் பாட்டு கொடுத்தபோதும் அமைதி. ஹெட் யூனிட்டை இணைத்தால் மட்டுமே ஊளை என்றானதால், டாஷ்போர்டு எர்த்துக்கும் டிக்கி எர்த்துக்கும் இடையே வேறுபாடு இருப்பது உறுதியாயிற்று.

எஞ்சினும் ஹெட்லைட்டும் ஓட, பாட்டு உரக்க ஒலிக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவிலும் மறு முனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையிலும் வைத்துப் பார்த்ததில், அளவு அரை வோல்ட்டை நெருங்கியது. 0.1 வோல்ட்டுக்குள் இருப்பதே நல்லது. எர்த் வயரைத் தொடர்ந்து போனால், பின் சீட்டுக்கு அடியில் பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே வளைய லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வைத்துத் திருகியிருந்தார்கள். போல்ட்டின் மரைகள் வழியாக மட்டுமே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. முன்பு பொருத்திய கடை இரண்டு நிமிட உப்புத்தாள் வேலையை மிச்சம் பிடித்திருக்கிறது. தகடு பளபளக்கும் வரை பெயின்ட்டைச் சுரண்டி, லக்கை நேரே தகட்டில் அழுத்தி முடுக்கி, துருப்பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவியபின், மீட்டர் ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்குக்கு இறங்கியது. பெட்டி இல்லாமலேயே ஊளையும் போனது. பெட்டியை மட்டும் மாட்டி விட்டிருந்தால் காதுக்கு நிம்மதி கிடைத்திருக்கும், சூடேறும் இணைப்பு அப்படியே இருந்திருக்கும்.

வேறு இரைச்சல்களுக்கு இந்தப் பெட்டி எதுவும் செய்யாது. எஞ்சின் வேகத்தோடு மாறாமல் ‘உஸ்ஸ்’ என்று சீராகக் கேட்பது, பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் கெயினை (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) அளவுக்கு மீறித் திருப்பி வைத்ததால் வருவது. எஃப்எம்மில் மட்டும் வருவது, மலிவான டேஷ்கேமோ எல்இடி விளக்கோ காற்றில் விடும் அலை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் அகப்படும். மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா, ஆல்டர்நேட்டரின் டயோடைச் சந்தேகித்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டும்.

இவ்வளவும் பார்த்து எர்த்தைச் சரிசெய்த பிறகும் மெல்லிய ஊளை மிஞ்சும் கார்கள் உண்டு. ஆர்சிஏ பெட்டியை அவற்றுக்கு வாங்கலாம். அப்போதும் முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஆர்சிஏவில் மட்டும் அதை மாட்டி, சப்வூஃபரின் கேபிளை நேரடியாகவே விட்டுவிடுங்கள். வாங்கும்போது முனைகளைச் செருகி ஆட்டிப் பாருங்கள். நான் வாங்கியதில் ஒரு முனை தளர்ந்திருந்தது, கடையில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள்.