எம்.சி. ரோட்டுப் பின்சந்து லேபும் என் மஞ்சப்பையும்

எனக்கு வயது 68. பழைய வண்ணாரப்பேட்டை. சர்க்கரை, தைராய்டு, பிரஷர் மூன்றும் உண்டு. எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில், ஜாக்கெட் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் லேபில்தான் 2019-லிருந்து ரத்தம் கொடுக்கிறேன். ரிப்போர்ட்டுகள் எல்லாம் பீரோவில் ஒரு மஞ்சப்பையில் கிடக்கின்றன. போன மாதம் அவற்றைத் தரையில் பரப்பி, தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

மூன்று மாதச் சர்க்கரை ஒருமுறைகூட 6.8-க்குக் கீழே போகவில்லை, 7.1-ஐத் தாண்டவும் இல்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8, 0.9, மறுபடி 0.8. இரண்டும் அசையாத பேர்வழிகள். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். மூன்று மாதச் சர்க்கரைக்கு அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள் என்பதால் நேற்றுத் தின்ற ஜாங்கிரி அதை ஆட்டாது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு அப்படியில்லை. 138 இருந்தது திடீரென்று 214. தேதியைப் பார்த்தால், ராயபுரத்தில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு மறுநாள். ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டது நான், லேபைக் குறை சொல்ல முடியுமா?

இந்த லேபை நம்ப ஆரம்பித்தது பொட்டாசியத்தால். இரண்டு வருடம் முன்பு, தள்ளுபடியில் வருகிறதென்று மகன் வேறொரு லேபில் பேக்கேஜ் புக் செய்தான். 5.9 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வீடே கலங்கிப் போனது. டாக்டர் உடனே திரும்ப எடுக்கச் சொன்னார். இங்கே வந்தேன். ஊசி போடும் பெண் கேட்டாள்: "கையை இறுக்கிக் கட்டிட்டு, மூடி மூடித் திறக்கச் சொன்னாங்களா ஆயா?" சொன்னார்கள்தான். நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தவும் செய்தார்கள். அப்படிச் செய்தால் தசையிலிருந்தும், உடைந்த ரத்த அணுக்களிலிருந்தும் பொட்டாசியம் கசிந்து கணக்கு ஏறிவிடுமாம். இங்கே எடுத்ததில் 4.4. (ஆயா என்றது முதலில் சுருக்கென்றது. இப்போது பழகிவிட்டது.)

தைராய்டுக்கு எப்போதும் காலை ஆறரைக்கு, மாத்திரை போடும் முன் வரச் சொல்கிறார்கள். ஒருமுறை சோம்பேறித்தனத்தில் மதியம் போனேன். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) வழக்கமான 4.5-க்குப் பதில் 3.1. நான் சந்தோஷப்பட்டேன், ஊசி போடும் பெண் படவில்லை. விடியற்காலையில் அது கூடுதலாகவும் மதியம் குறைவாகவும் இருப்பது இயல்புதானாம். ஒரே நேரத்தில் எடுத்தால்தான் போன வருடத்தோடு ஒப்பிட முடியும் என்றாள்.

குறைகளும் உண்டு. பதினேழு படி, செங்குத்து, பிடிக்கக் கம்பி இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிடுங்கள், நூறு ரூபாய் கூடுதல். ஆனால் ஆறரை என்றால் ஏழே முக்காலுக்குத்தான் பையன் வருவான். அதுவரை காபி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயில்தான் எடுக்கிறானா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் எடுத்து நாலு வீடு சுற்றினால், அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும்.

பெரிய குறை ஒன்றே. ரிப்போர்ட்டில் போன தடவை அளவைப் பக்கத்தில் போடுவதில்லை. கேட்டால், சாஃப்ட்வேரில் அந்த வசதி இல்லை என்கிறார் முதலாளி. பென்சிலால் நானே எழுதிக்கொள்கிறேன். ஏழரைக்கு மேல் கூட்டம், சீக்கிரம் போங்கள்.