ஏற்காட்டில் நான் படம் வாங்கிய இடம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், ஏரியில் படகு, லேடீஸ் சீட், ஒரு பாக்கெட் மிளகு என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை எஸ்டேட் சாலையோரம் ஓட்டு வீட்டில் இருக்கும் ஓவியக்கூடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலகைகூடக் கிடையாது, திண்ணையில் காபிச் சாக்கு காய்ந்தால் அதுதான் வீடு.

வரைகிற அக்காவின் அம்மா சேலத்துச் சௌராஷ்டிரா நெசவுக் குடும்பம், அப்பா பாலக்காட்டிலிருந்து காபி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக வந்தவர், பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் தமிழ். இத்தனையும் அவர் ஒட்டுகிற பொருளிலேயே வந்துவிடுகிறது.

நான் வாங்கியது இரண்டடிப் படம். அடியில் சணல் சாக்கு, அதன் மேல் அக்ரிலிக்கில் மலைச்சரிவு, சில்வர் ஓக் மரங்கள். மரத்தண்டுக்கு வர்ணமே இல்லை, தறியில் மிஞ்சிய வெண்பட்டு நூலை வரிசையாக ஒட்டி, வெயில் விழுகிற பக்கம் மட்டும் சரிகை ஓட்டியிருக்கிறார், காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்த ஓரம் மட்டும் மினுங்கும். கீழ் மூலையில் பாட்டியின் பாட்டு நோட்டிலிருந்து ஒரு பக்கம். எழுத்து தமிழ், ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்தும் எனக்கு ஒரு வரி புரியவில்லை, மொழி சௌராஷ்டிரம். அசல் பக்கம் இல்லை, பருத்தித் தாளில் எடுத்த நகல்தான். “செய்தித்தாள் மாதிரி ஒட்டினா பழுப்பேறிடும்ங்க, அதான்” என்றார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மழை மாதத்தில் வாங்கிச் சேலத்து வெயிலுக்குக் கொண்டு வந்ததில் இரண்டே மாதத்தில் தாளின் ஓரம் தூக்கிக்கொண்டது, சாக்கும் கொஞ்சம் தொய்ந்தது. எடுத்துப் போனேன். முகம் சுளிக்காமல் சாக்கைப் பிரித்து, இழுத்துக் கட்டி, தாளையும் ஒட்டிக் கொடுத்தார், பைசா வாங்கவில்லை. பேக்கிங் மட்டும் இன்னும் மோசம்தான், வெறும் பழைய பெட்ஷீட், அதனால் அட்டைப்பெட்டி நீங்களே கொண்டு போங்கள்.

படம் 6,500 ரூபாய். அந்த வேலைக்கு அதிகமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கொலுசு முத்து ஒட்டிய வாழ்த்து அட்டைகள் 300 ரூபாய்க்கு இருக்கின்றன, எனக்கு அவை பிடிக்கவில்லை, டூரிஸ்ட்டுக்காக அவசரமாகச் செய்தவை மாதிரி இருக்கின்றன.

அப்புறம், எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சௌராஷ்டிராக்காரர். போன வாரம் தயிர் கேட்டு வந்தவர் படத்துக்கு முன்னால் நின்று அந்த மூலையைக் கடகடவென்று படித்தார், இரண்டாவது வரியிலிருந்து பாட ஆரம்பித்துவிட்டார். தாலாட்டாம்.

மதியத்துக்கு மேல் போங்கள், காலையில் அவர் வரைந்துகொண்டிருப்பார்.