ஆறு வருடமாக உடன் இருக்கும் பிட்ச் கேஜும் ஒரு கம்பி வளையமும்

என் பட்டறையில் எந்த மெஷினும் புதிதாக வாங்கியதில்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த ஒரு லேத், அமெரிக்க சர்ஃபேஸ் கிரைண்டர், ஐரோப்பிய ஆயில் பம்ப் பொருத்திய ஒரு மில்லிங், கோயம்புத்தூரிலேயே செய்த கம்ப்ரஸர். கூலன்ட் பைப்போ ஏர் லைனோ கழன்றால், இது எந்த ஊர் மரை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி நாள் போகும். அதற்காக 2019-ல் ஒரு மடக்கு பிட்ச் கேஜ் வாங்கினேன். மரையின் மேல் வைத்து அதன் பிட்ச்சை, அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளியைப் பார்க்கும் பல்வைத்த தகடுகளின் கட்டு அது. ஒரு பக்கம் 55 டிகிரி விட்வொர்த் (பிரிட்டிஷ் இஞ்ச் மரை) தகடுகள், மறுபக்கம் மெட்ரிக்.

வாங்கும்போது எனக்கு இருந்த ஞானம், கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்ச்) என்பதோடு சரி. ஆங்கிள் வாங்கவும் பட்டை வாங்கவும் அந்தக் கணக்கு போதும். பைப் மரையில் அது காலை வாரிவிடும். பிஎஸ்பி என்னும் பிரிட்டிஷ் பைப் மரை வெட்டிய கால் இஞ்ச் நிப்பிளின் (குட்டைக் குழாயின்) மேல் வெர்னியரை வைத்தால் 13 மி.மீ. சொச்சம் காட்டுகிறது, அதாவது அரை இஞ்சுக்கும் மேல். அந்தக் ‘கால் இஞ்ச்’ அந்தக் காலத்துப் பைப்பின் உள் துளையைக் குறிக்கும் பெயர். மரையின் அளவு வேறு.

முதலில் என்னைக் குழப்பியது கிரைண்டர். அதன் கூலன்ட் எல்போ உடைந்தது. அதையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“அண்ணே, இதே மரையில கால் இஞ்ச் எல்போ இருக்குங்களா?”

“எல்லாம் ஒரே மரைதானுங்க தம்பி. டெஃப்லான் டேப்பை நல்லா சுத்தி ஏத்துங்க, சரியாப் போயிரும்.”

வாங்கி வந்த எல்போ இரண்டு சுற்று ஏறியது, மூன்றாவதில் இறுகியது. பழைய எல்போவின் மேல் 19 தகடு (இஞ்சுக்கு 19 மரை) வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு பல் உட்கார்ந்தன, நாலாவது பல் பள்ளத்தில் இறங்காமல் சரிவில் ஏறி நின்றது. 18 தகட்டில் எல்லாப் பல்லும் இறங்கின. ஆனால் தகட்டின் ஓரங்களில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. என் தகடு 55 டிகிரி, மரை 60. என்பிடி என்னும் அமெரிக்க பைப் மரை அது. பிஎஸ்பி கால் இஞ்சில் இஞ்சுக்கு 19 மரை, என்பிடியில் 18. ஏழு மரை நீளத்துக்கு முன்னது 9.36 மி.மீ., பின்னது 9.88. அரை மில்லிதான் வித்தியாசம். ஒரு நிப்பிளில் மொத்தமே அவ்வளவு மரைதான் இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அரைக்கால் இஞ்சில் இது 28-க்கும் 27-க்கும் உள்ள சண்டை. என் கேஜில் 27 இல்லவே இல்லை. கேஜ் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பிறகு 60 டிகிரி இஞ்ச் செட் ஒன்று தனியாக வாங்க வேண்டி வந்தது. அதில் 27-ம் ஒரு இஞ்ச் என்பிடிக்கு வேண்டிய பதினொன்றரையும் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் முதலிலேயே இந்த இரண்டையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே 14 மரை என்பதால் பிட்ச் உதவாது. விட்டம் பார்க்கலாம் என்றால், அரை இஞ்ச் பிஎஸ்பி 20.955 மி.மீ., என்பிடி 21.336. ஆனால் டேப்பர் மரை, அதாவது நுனி நோக்கிக் குறுகும் மரை, 16-க்கு 1 என்று சரிகிறது. வெர்னியரை ஆறு மில்லி தள்ளி வைத்தாலே அதே அளவு வித்தியாசம் வந்துவிடுகிறது. இங்கே கோணம்தான் சாட்சி. இரண்டு செட் தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்து, எதில் வெளிச்சம் கசியவில்லை என்று பார்க்கிறேன். முகடு உருண்டையாக இருந்தால் பிஎஸ்பி, தட்டையாக இருந்தால் என்பிடி. தேய்ந்த மரையில் இதையும் முழுசாக நம்ப முடியாது. அரை இஞ்ச் என்பிடியை பிஎஸ்பிக்குள் டேப் சுற்றி ஏற்றிய ஒரு ஜாயின்ட் என் கூலன்ட் லைனில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹைட்ராலிக்கில் அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது.

ஜப்பான் லேத்தின் புத்தகத்தில் பிடி 1/4 என்று போட்டிருந்தது. பேர் ஒத்துப்போகிறதே என்று என்பிடி பிளக் வாங்கி வந்து ஒரு நாளை வீணாக்கினேன். பிடி என்பது டேப்பர் பைப் மரைக்கு ஜப்பானின் பழைய பெயர். அதுவும் 55 டிகிரி, 19 மரை. இப்போது ஆர், ஆர்சி என்று எழுதுகிறார்கள். நம் ஊர் ஜிஐ நிப்பிளே அதில் ஏறும். பிஎஃப் என்றிருந்தால் அது பேரலல், அதாவது சரிவில்லாத நேர் மரை; இப்போதைய பெயர் ஜி.

அந்த ஜி மரையில்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். மில்லிங்கின் அலுமினிய ஆயில் பிளாக்கில் இருந்தது கால் இஞ்ச் ஜி. பிட்ச் கேஜ் 19 காட்டியது, அது சரிதான். ஆனால் நேர் மரையா டேப்பரா என்று நான் பார்க்கவில்லை. டேப்பர் நிப்பிளை ஏற்றினேன், லேசாகக் கசிந்தது. இன்னும் அரைச் சுற்று என்று ஸ்பேனரை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், வாயிலிருந்து கீழே முடிபோல ஒரு விரிசல். ஜி மரையில் எண்ணெயை அடைப்பது முகத்தில் உட்காரும் வாஷர், மரை வெறும் பிடிமானத்துக்குத்தான். டேப்பரை உள்ளே தள்ளத் தள்ள அது ஆப்பு மாதிரி பிளந்துவிடும். புது பிளாக் வரும்வரை மில்லிங் இரண்டு வாரம் சும்மா நின்றது. இப்போதெல்லாம் மரையின் முகடுகள் மேல் ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு பக்கமும் வைத்து, சரிவு தெரிகிறதா என்று பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

சின்ன உள்மரையில் கேஜின் தகடு நுழையாது. மெல்லிய மரக்குச்சியைத் துளையின் சுவரில் அழுத்தினால் மரையின் தடம் பதியும், அதன் மேல் தகட்டை வைத்துப் பார்க்கலாம். அதைவிட எனக்கு அதிகம் உதவுவது, அளவு தெரிந்த பிளக்குகளைத் துளைபோட்டுக் கோத்து வைத்திருக்கும் ஒரு கம்பி வளையம். அரைக்காலிலிருந்து முக்கால்வரை பிஎஸ்பி, என்பிடி, கூடவே மெட்ரிக்கில் 1 மி.மீ. பிட்ச் எம் 10, 1.5 மி.மீ. பிட்ச் எம் 14. கையாலேயே சுற்றுவேன். தடங்கலில்லாமல் நாலைந்து சுற்று போனால் அதுதான். ஐரோப்பிய ஆயில் பம்பில் அரைக்கால் பிஎஸ்பி தொளதொள என்று இரண்டு சுற்று போய்ச் சிக்கியது, எம் 10 வெண்ணெய்போல இறங்கியது. எம் 10-ன் பிட்ச் 1 மி.மீ., அரைக்கால் பிஎஸ்பியின் பிட்ச் 0.907.

கேஜின் ரிவெட் தளர்ந்து தகடுகள் இப்போது விசிறிபோல் விழுகின்றன. 18, 19 எண்கள் அழிந்து, உலோகத்தில் கீறி எழுதும் எலெக்ட்ரிக் பென்சிலால் நானே மறுபடி எழுதினேன். கேஜ் தினமும் கைக்கு வருவதில்லை, இன்னொரு மெஷின் வந்தால்தான். வளையம் லேத் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மூணு நூல் என்பிடி பிளக்கைப் பக்கத்துப் பட்டறைத் தம்பி வாங்கிப்போய் மூன்று மாதம் ஆகிறது, அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்கிறேன்.