எலியின் இரு சுரப்பிகள்: விந்துப்பையும் புராஸ்டேட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்தில் பொறியில் விழுந்த, நன்கு வளர்ந்த ஆண் எலியை (எலிக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கையுறையுடன்) ஆறாம் படிவ மாணவர்களுக்கு அறுத்துக் காட்டும்போது, ஆட்டுக்கொம்புபோல் வளைந்து வெளுத்துத் தெரியும் விந்துப்பைகளையும், சிறுநீர்ப்பையின் அடியில் ஒட்டியிருக்கும் புராஸ்டேட் மடல்களையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது. விந்துப்பை, கருவில் உல்ஃப் நாளம் என்னும் தொடக்கக் குழாயிலிருந்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் தூண்டலால் உருவாகிறது. புராஸ்டேட்டோ, கருவில் சிறுநீர்ப்பாதையாக மாறும் சிறுநீர்ப் பிறப்புறுப்புக் குழியில் முளைப்பது; 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி அந்த ஹார்மோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றித் தந்தால்தான் அது முழுமையாக வளரும். அதற்கு முளைக்கும் கட்டளையைத் தருவது எபிதீலியம் (உட்புறத்தைப் போர்த்தும் செல்படலம்) அன்று, அதைச் சூழ்ந்துள்ள இடைத்திசுவே (கருவின் இணைப்புத்திசு) என்பதுதான் எனக்கு மிகவும் சுவையான செய்தி. விரைகளை நீக்கினால் இரண்டும் சுருங்கும். ஆயினும் புராஸ்டேட்டின் வயிற்றுப்புற மடலில் செல்கள் சில நாள்களிலேயே கூட்டமாக மடிவதால், ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) குறைவை ஆராய அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஹார்மோனை மீண்டும் கொடுத்தால் மடல் வளர்ந்துவிடும்.