இழுத்து வரும் காருக்குப் பின் விளக்கு: நாலு வருஷம் ஓட்டிப் பார்த்தது

கோத்தகிரியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் கார் நின்றுவிட்டால் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் இழுத்து வருவதும் நம் வேலைதான். டோச்சன் (இழுக்கும் சங்கிலி) கட்டி இழுத்த காலமெல்லாம் போய் இப்போது இரண்டு வண்டியையும் இணைப்பது ‘பார்’ என்கிற இரும்புக் கம்பி. ஆனால் பின் விளக்கு விஷயத்தில் புத்தி வர எனக்கு ஒரு அடி தேவைப்பட்டது.

2021 ஐப்பசி மழையில் ஒரு மாருதி 800. ‘ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குவது) போட்டு விட்டால் போதும்’ என்று கிளம்பினேன், எல்லாரும் செய்வதுதானே. கொண்டை ஊசி வளைவில் மிஸ்ட் இறங்கி நாலடி தெரியவில்லை, நான் பிரேக் போட, பின்னால் வந்த காய்கறி லாரி காரின் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, “ஏனுங்ணா, லைட்டு சும்மா மினுக் மினுக்னு இருந்தா நீங்க நிக்கறீங்களா போறீங்களான்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?” என்றார். பதில் இல்லை. ஜீப்பின் பிரேக் லைட்டை நடுவில் நிற்கும் கார் மறைத்துவிடுகிறது, ஹசார்டோ பிரேக்கையும் காட்டாது, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதையும் காட்டாது.

அடுத்த முறை ஜீப்பிலிருந்து வயர் இழுத்து காரின் டெயில் லைட் வயரிலேயே சேர்த்தேன். அங்கேதான் வேடிக்கை. ஜீப்பில் பார்க் லைட் போட்டதும் காரின் டேஷ்போர்டு, நம்பர் பிளேட் லைட், முன் பார்க் லைட் எல்லாம் சேர்ந்து எரிந்தன, ஏனென்றால் எல்லாம் ஒரே சர்க்யூட். கொஞ்ச நேரத்தில் ஜீப் பியூஸ் போய்விட்டது. அதைவிட, காரில் உட்கார்ந்த பையன் பிரேக் மிதித்தால் கார் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி வந்து என் ஜீப்பின் பிரேக் லைட் எரிகிறது! இதற்கு மருந்து, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு. ஒவ்வொரு வயரிலும் ஒன்று போட்டால் கரண்ட் பின்னோக்கி வராது. இரண்டு பிரேக் பல்பும் தலா 21 வாட், சேர்த்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும், அதனால் 6 ஆம்பியர் டயோடுதான் சரி. ஒரே காரை அடிக்கடி இழுப்பவருக்கு அது நல்ல வழி. தினம் ஒரு கார் வரும் எனக்கு ஒவ்வொன்றின் வயரையும் வெட்டிக்கொண்டிருக்க முடியுமா?

கடைசியில் மூன்றடி அலுமினிய ஆங்கிளில் இரண்டு லைட், ரிஃப்ளெக்டர், ‘ஆன் டோ’ (இழுத்து வரப்படுகிறது) போர்டு, அடியில் நாலு காந்தம் என்று எந்தக் காரின் பின்னாலும் ஒட்டும் விளக்குப் பலகை ஒன்றைத் தனியாகவே செய்துவிட்டேன். மொத்தம் 1,800 ரூபாய் ஆனது. ஜீப்பிலிருந்து அதற்கு ஐந்து கோர் கேபிள், அதாவது உள்ளே ஐந்து வயர்: பார்க், பிரேக், இடது, வலது, கரண்ட் திரும்பிப் போகும் எர்த். எர்த்துக்குத் தனி வயர் போடுங்கள், பாரையே நம்பாதீர்கள். நான் முதலில் பாரை நம்பினேன், பாரை மாட்டும் பின் துருப்பிடித்திருந்ததால் எர்த் ஒழுங்காகக் கிடைக்காமல் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது, டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டு அரை நாள் பல்பைக் குறை சொன்னேன்.

நாலு வருஷத்தில் வந்த தொல்லைகள்? காந்தம் பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாது, இரும்பு டிக்கிக் கதவில்தான் வைக்க வேண்டும், அடியில் துணி போடாவிட்டால் பெயிண்ட் கீறும், ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கேபிளை ஜீப்பில் மாட்டும் கப்ளரின் பின்கள் இந்த ஈரத்தில் பச்சை பூத்துவிடும், மாதம் ஒருமுறை துடைத்து வாசலைன் தடவுகிறேன். வலது லைட்டுக்குள் தண்ணீர் போனது, அடியில் சின்ன ஓட்டை போட்டதும் வடிந்துவிட்டது.

சாவியைப் போட்டு ஸ்டியரிங் லாக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில், காருக்குள் ஆள் உட்கார வைத்துத்தான் இழுக்கிறேன். இன்ஜின் ஓடாததால் மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக் கல் மாதிரி இருக்கும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுவேன். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் விடக் கூடாது என்பது சட்டம். ஆனால் லைட் காரின் பின்னால் அல்லவா இருக்கிறது, கார் நீளத்தையும் கணக்கில் சேர்க்காமல் 8 மீட்டர் கேபிள் வாங்கினேன், போன வாரம் வளைவில் கப்ளர் பிடுங்கிக்கொண்டது. இப்போது 12 மீட்டர் சொல்லியிருக்கிறேன்.