கூடைப்பந்து ஆடும் மகளுக்கு முதல் நகைகள்: மூன்று வருட அனுபவம்

சடங்குக்கு வந்த சீர் நகைகள், அப்புறம் நாங்களாகப் பார்த்து வாங்கியவை என்று என் மகளிடம் இப்போது ஒரு சின்ன செட் இருக்கிறது. அவள் கூடைப்பந்து ஆடுகிறாள். பள்ளிக்கு முன்னால் காலைப் பயிற்சி, சாயங்காலம் மறுபடியும் பயிற்சி, சீசன் வந்துவிட்டால் வாரக் கடைசி முழுக்கப் போட்டி, கோடை லீவில் நீச்சல். இப்படி வேர்வையிலும் தண்ணீரிலும் இடிபாட்டிலுமே பொழுது போகிற பிள்ளைக்கு எந்த நகை தாங்கியது, எது பீரோவிலேயே கிடக்கிறது, எதை வாங்கவே வேண்டாம் என்பதை மூன்று வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்த அளவில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசைன் அப்புறம், எடையும் அப்புறம், முதலில் பூட்டைப் பாருங்கள். திருகாணி, கொக்கி, கொலுசுத் திருகு, இவைதான் நகையின் ஆயுளை முடிவு செய்கின்றன. மற்ற பிள்ளைகள் ஒரு தோட்டைப் போட்டால் மாதக்கணக்கில் கழற்ற மாட்டார்கள், விளையாடுகிற பிள்ளை வாரத்தில் பல தடவை கழற்றி மாட்டுவாள். கழற்றச் சிரமமாக இருக்கிற நகை ஒன்று மைதானத்தில் தொலையும், இல்லையென்றால் "எனக்கு வேண்டாம்மா" என்று பெட்டிக்குள் போய்விடும்.

ஏன் கழற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் அப்பத்தா இன்னும் கேட்கிறார், வெறுங்காதோடு பெண் பிள்ளை வெளியே போவது அவருக்குப் பிடிக்காது. கூடைப்பந்தில் உலகக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியே ஆட்டக்காரர் நகை போடக் கூடாது என்கிறது. கால்பந்தில் இன்னும் கறார்: விதி 4-இன்படி சங்கிலி, மோதிரம், கம்மல், தோல் பட்டை, ரப்பர் பேண்ட் வரைக்கும் எதுவும் கூடாது. 2022 உலகக் கோப்பையில் பிரான்ஸ் – போலந்து ஆட்டத்தில் பிரான்ஸ் வீரர் ஜூல் கூண்டே கழுத்துச் சங்கிலியோடு இறங்கிவிட்டார், முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் அதைக் கழற்ற வைத்தார்கள். வாலிபாலில் காயம் உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் கூடாது என்று விதி. பாட்மிண்டன், டென்னிஸ், ஓட்டப்பந்தயம் எல்லாம் வேறு கதை, அங்கே ஒருவர் மேல் ஒருவர் இடிப்பதில்லை, தோடோடும் சங்கிலியோடும் ஆடுகிறவர்களை டிவியிலேயே பார்க்கலாம். அதனால் உங்கள் பிள்ளை என்ன ஆடுகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் இதில் பாதி முடிவாகிறது. உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம் என்றால் நான் சொல்லப் போவது பொருந்தும்.

சரி, தோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் தினமும் காதில் இருப்பது அதுதான்.

தினசரிக்கு வாங்கியது 22 காரட்டில் கல் இல்லாத சின்ன உருண்டைத் தோடு. மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியில் எடுத்தோம், அங்கே ஒரே தெருவில் பெரிய கடையும் பார்க்கலாம், பக்கத்துச் சந்தில் நகை வேலை செய்கிற பத்தரும் இருப்பார். கல் வேண்டாம் என்றதற்குக் காரணம் ஜெர்சி. வேர்த்து நனைந்த ஜெர்சியைத் தலை வழியாக இழுத்துக் கழற்றும்போது கல்லைப் பிடித்திருக்கிற கம்பி நூலில் மாட்டும், காதும் இழுபடும், கல்லும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கும். உருண்டையில் மாட்ட ஒன்றுமில்லை. உள்ளே கூடாக இருக்கிற உருண்டையை மட்டும் எடுக்காதீர்கள், எடை குறைவு என்று ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு அழுத்து அழுத்தினால் நசுங்கிவிடும். அளவைச் சின்னதாக்கிக் கெட்டியாக எடுத்ததுதான் இன்று வரை அப்படியே இருக்கிறது.

திருகாணி விஷயத்துக்கு வாருங்கள். கடையில் சவுத் ஸ்க்ரூ, பாம்பே ஸ்க்ரூ என்று இரண்டு சொல்வார்கள். முதலாவதில் தண்டு தடிமனாக இருக்கும், இரண்டாவதில் மெலிசு. மெலிசுத் தண்டு காதில் சுலபமாக ஏறும், ஆனால் அதன் திருகாணி மிளகை விடச் சின்னது. வேர்த்த விரல்களால் காதுக்குப் பின்னால் கண் படாத இடத்தில் அதைத் திருகிக் கழற்றும்போது நழுவினால் கோர்ட் சிமெண்டில் விழுகிற சத்தம்கூடக் கேட்காது. தடிமன் தண்டில் திருகாணியும் பெரிசு, விரலுக்குப் பிடி கிடைக்கும், மரையும் நன்றாகக் கவ்வும். நாங்கள் எடுத்தது அதுதான். எடுத்த பிறகு பத்தரிடம் கொடுத்துத் தண்டைக் கொஞ்சம் குட்டையாக்கினோம். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முக்கியம். தண்டு நீளமாக இருந்தால் பந்து காதில் பட்டாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தும். குட்டையாக்கின பிறகு அவள் தூங்கப் போகும்போது தோட்டைக் கழற்றுவதே இல்லை.

கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட மரை தேயும், அதைத் தவிர்க்க முடியாது. திருகாணியை இறுக்கிய பின் தோட்டை முன்னால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், திருகாணி அப்படியே வழுக்கி வந்தால் மரை போய்விட்டது என்று அர்த்தம். புதுத் திருகாணியைப் பத்தர் தனியாகவே எடை போட்டுத் தருவார், தோடு வாங்கும்போதே அதே மரையில் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் அழுக்கு. விளையாடுகிற பிள்ளையின் தோட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், வேர்வை, எண்ணெய், சன்ஸ்கிரீன், தோல் எல்லாம் சேர்ந்தது. காது வலிக்கிறது, வாடை வருகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு மெத்தென்ற பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும், பூந்திக்கொட்டைத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

தாய்மாமன் சீரில் வந்த ஜிமிக்கியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் தம்பி வாங்கும் முன் என்னைக் கேட்டான், கழற்றி மாட்டுகிற ஜிமிக்கியாகப் பாரு என்றேன். மேலே தோடு தனி, கீழே ஜிமிக்கியைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். கல்யாணம், பொங்கல் என்றால் ஜிமிக்கியோடு போடுகிறாள், டியூஷனுக்கும் கோயிலுக்கும் தோடு மட்டும். ஒரே நகை இரண்டு வேலை செய்கிறது. தோட்டோடு ஒன்றாக ஒட்டியே இருக்கிற பெரிய ஜிமிக்கி வந்திருந்தால் வருடத்துக்கு நாலு தடவைதான் வெளியே வந்திருக்கும். சீர் செய்யப் போகிற மாமன்மார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

செகண்ட் ஸ்டட், அதாவது காதில் இரண்டாவது ஓட்டை குத்திப் போடுகிற தோடு, அவள் ஆசை. இங்கே நகையை விடக் காலண்டர் முக்கியம். காது மடலில் புது ஓட்டை ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், அதுவரை கழற்றக் கூடாது, கழற்றாமல் ஆடவும் விட மாட்டார்கள். அதனால் சீசன் முடிந்து ஏப்ரலில் குத்தினோம், பள்ளி திறக்கும்போது ஆறியிருந்தது, அந்த வருடம் மட்டும் நீச்சலைத் தள்ளி வைத்தாள். புது ஓட்டைக்குத் தங்கத்துக்குப் பதில் டைட்டானியம் போட்டோம், உடம்புக்குள் வைக்கிற தரம், ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று குறிப்பு இருக்கும். பின்பக்கம் தட்டையான தகடு, குத்துவதே இல்லை, வேர்வையால் கறுப்பதும் இல்லை, நிக்கல் அரிப்புக்கும் வேலையில்லை. அம்மாச்சிக்கு இது நகையாகவே படவில்லை, தங்கம் இல்லாமல் என்ன தோடு என்றார். ஆனால் பயன்பாட்டில் இந்த மூன்று வருடத்தில் வாங்கியதில் தொல்லையே கொடுக்காத பொருள் இதுதான், அதுவும் விலையில் தங்கத்தின் பக்கத்தில்கூட வராது.

மூக்குத்தியும் கேட்டாள். மூக்கு ஆற நாலிலிருந்து ஆறு மாதம், சில பேருக்கு இன்னும் கூட. அவ்வளவு நாள் கோர்ட்டை விட்டுத் தள்ளி இருக்க முடியாது என்று அவளே கணக்குப் போட்டு, பிளஸ் டூ முடியட்டும் என்று சொல்லிவிட்டாள். காதின் மேல் குருத்தெலும்பில் குத்துவதும் அப்படித்தான், ஒரு வருடம் வரை இழுக்கும்.

சங்கிலியில் நாங்கள் தங்கத்துக்கே போகவில்லை. விடியற்காலையில் சைக்கிளில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போகிற பிள்ளை கழுத்தில் தங்கம் வேண்டாம், செயின் பறிப்பில் கழுத்து அறுபடுகிற செய்தி எல்லாம் படிக்கிறோம் அல்லவா. எடுத்தது 925 வெள்ளியில் (92.5 சதவீதம் வெள்ளி) மெல்லிய பாக்ஸ் செயின். வழவழப்பான பாம்புச் செயினும் பார்த்தோம், அழகுதான், ஆனால் ஒரு தடவை மடிந்தால் மடிப்பு நிமிராது. எஸ் கொக்கி வேண்டாம் என்று ஸ்பிரிங்கில் மூடிக்கொள்கிற லாப்ஸ்டர் கொக்கி வைத்துக் கேட்டு வாங்கினோம், எஸ் கொக்கி இழுபட்டால் வாய் அகன்றுவிடும், நமக்குத் தெரியாமலே கழன்று விழும். வெள்ளி கறுக்கிறது, அதிலும் வேர்க்கிற உடம்பில் சீக்கிரம் கறுக்கிறது, விபூதியை மெல்லிய துணியில் வைத்துத் துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முலாம் பூசியது, ஒன் கிராம் கோல்டு வகையெல்லாம் இவர்களுக்குச் சரிப்படாது. கழுத்தில் உரசுகிற இடத்தில் முதலில் முலாம் போகும், அப்புறம் அடியிலிருக்கும் செம்பு வேர்வையில் பச்சைக் களிம்பாகித் தோலில் இறங்கும்.

நீச்சல் குளத்துக்கு எதுவும் போடுவதில்லை. குளோரின் தங்கத்தில் கலந்திருக்கிற மற்ற உலோகங்களைத்தான் தின்கிறது, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த ஒட்டு இருக்கிற இடங்கள் முதலில் வலுவிழக்கும். தங்கம் என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

மோதிரத்தில் என்னிடம் சமரசமே கிடையாது. அப்பத்தா ஆசையாகப் போட்ட மோதிரம் பீரோவில் இருக்கிறது, ஆட்டத்தை விடும் வரை அங்கேயே இருக்கட்டும். குதித்து இறங்கும்போது மோதிரம் வலையிலோ கம்பி வேலியிலோ மாட்டினால் உடம்பு எடை மொத்தமும் அந்த ஒரு விரலில் தொங்கும், தோலும் சதையும் உரிந்து வந்துவிடும், விரலே போன ஆட்கள் உண்டு. இது இல்லாவிட்டாலும் கூடைப்பந்தில் விரல் நுனியில் பந்து பட்டு மூட்டு வீங்குவது சாதாரணம். வீட்டில் மோதிரம் போடுகிற பிள்ளை என்றால் விரலில் அடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது, வீங்கிய பிறகு முடியாது. அப்படி மாட்டிக்கொண்டால் தையல் நூல் நுனியை ஊசியால் மோதிரத்துக்கு அடியில் விட்டு மணிக்கட்டுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மீதி நூலை மோதிரத்தை ஒட்டி மூட்டைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். அப்புறம் அடியிலிருக்கிற நுனியைப் பிடித்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூல் மேல் ஏறி நகர்ந்து வரும். விரல் நீலம் பாய்ந்தாலோ எலும்பு முறிந்த மாதிரி இருந்தாலோ இதெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி, அங்கே வெட்டி எடுப்பார்கள்.

கொலுசு முத்தில்லாத மெல்லிசு, வீட்டில் மட்டும். சாக்ஸ் நூல் அதில் மாட்டுகிறது, கணுக்காலுக்கு பேண்டேஜ் சுற்ற வேண்டியிருந்தால் நடுவில் இடைஞ்சல். வளையல், பிரேஸ்லெட்டுக்கு அவளிடம் இடமே இல்லை, விட்டுவிட்டோம்.

ஆட்ட நாளில் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் பழக்கம். பயிற்சி நாளில் மட்டும் பையில் ஒரு திருகு மூடி மாத்திரை டப்பா, உள்ளே பஞ்சு. காகிதத்தில் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைக்கிற வேலை வேண்டாம், காகிதம் என்று நினைத்து யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். கழற்றிய திருகாணியை உடனே அதே தோட்டில் மாட்டித்தான் டப்பாவில் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வாங்கும்போது ஒரு விஷயம். இந்த வயதுக்கு எடுக்கிற தோடுகள் பல 2 கிராமுக்கும் கீழே இருக்கும், அந்த எடைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான ஹெச்.யூ.ஐ.டி. எண்ணும் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு) அதில் இல்லாமல் போகலாம். ஒரு கடையில் 916 (22 காரட் தங்கத்துக்கான குறி) என்று வாயால் சொன்னார்களே தவிர முத்திரை எங்கே என்றால் பதில் இல்லை, எழுந்து வந்துவிட்டோம். சின்ன உருப்படிக்கும் முத்திரை போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள், எண்ணை முத்திரையை நிர்வகிக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அங்கேயே போட்டுப் பாருங்கள். 18 காரட் இன்னும் கடினமானது, மரை குறைவாகத் தேயும், விளையாடுகிற பிள்ளைக்கு அது நல்லதுதான், ஆனால் நம் ஊரில் மாற்றப் போகும்போது 22 காரட்டுக்கு இருக்கிற மதிப்பு அதற்கு இல்லை, அதனால் தோட்டில் மட்டும் 22-லேயே நின்றுகொண்டோம். பில்லில் தங்க எடை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், உபரித் திருகாணிக்கும் அந்த பில்லிலேயே எடை போடச் சொல்லுங்கள்.